நைட் அவுட் அடித்தால்தான் ஆர்க்கிடெக்டா?

சப்மிஷன் நாள் காலை ஏழரை மணிக்கு சென்னையில் எந்த ஆர்க்கிடெக்சர் கல்லூரி வாசலில் போய் நின்றாலும் ஒரு ஊர்வலம் பார்க்கலாம். பைக்கில் முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன், நடுவில் மவுண்ட் போர்டில் செய்த ஒரு பஸ் ஸ்டாண்டோ மருத்துவமனையோ. பின்னால் இருப்பவன் மாடல் காற்றில் பிய்ந்து போகாமல் இரண்டு கையாலும் அணைத்துக் கொண்டிருப்பான். அதாவது வண்டியை அவன் பிடித்துக் கொள்ளவே இல்லை. ஓட்டுபவனின் கண்ணைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வாசலில் நிற்பவன் "எத்தனை நைட்டுடா?" என்பான். "மூணு" என்று பதில் வரும். கேட்டவன் முகத்தில் பரிதாபம் வர வேண்டும், இல்லையா? வருவது பொறாமை. அவனுக்கு இரண்டு நைட்தான் ஆகியிருக்கிறது.

ஒரு பி.காம் மாணவன் காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி புத்தகத்தைத் திறந்தால் அதற்கு இந்த ஊரில் சோம்பேறித்தனம் என்று பெயர். அதையே ஆர்க்கிடெக்சர் மாணவன் செய்தால் அதற்குப் பெயர் 'பேஷன்'. என்ன நியாயமோ!

முதலில் அந்த பைக் விஷயத்தை முடித்து விடலாம். 1997-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் ஒரு ஆய்வு செய்தார்கள். தொடர்ந்து பதினேழு மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் கையையும் கண்ணையும் போல்தான் வேலை செய்கின்றன, இருபத்து நான்கு மணி நேரம் விழித்தால் கிட்டத்தட்ட 0.10 சதவீதத்துக்குச் சமம் என்று கண்டார்கள். இந்தியாவில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03. ஆக, டாஸ்மாக் வாசலில் ஊதச் சொல்லும் போலீஸ்காரர் உண்மையில் நிற்க வேண்டிய இடம் வேறு. இது வேடிக்கைக்குச் சொல்வதல்ல. அமெரிக்காவில் தூங்காமல் வேலை செய்துவிட்டு கார் ஓட்டிப் போன ஒரு ஆர்க்கிடெக்சர் மாணவர் விபத்தில் இறந்தார். அதற்குப் பிறகுதான் அங்கே மாணவர் அமைப்பு ஒரு குழு போட்டு, 2002-ல் 'ஸ்டுடியோ கலாச்சாரம்' பற்றி அறிக்கை வெளியிட்டது. ராத்திரி முழுக்க விழிப்பதைப் பெருமையாக நினைக்கும் வழக்கத்தை விட வேண்டும் என்பது அந்த அறிக்கையின் சாரங்களில் ஒன்று. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நம்மூரில் இன்னும் "ஃபர்ஸ்ட் இயர்ல நைட் அவுட் அடிக்கலைன்னா நீ என்ன ஆர்க்கி?" என்று சீனியர்கள் கேட்டுக் கொண்டிருக்கிறார்கள்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டு பாரிஸில், எக்கோல் தெ போஸார் என்ற கலைப்பள்ளியில், கெடு முடியும் நேரத்தில் மாணவர்களின் வரைபடங்களைச் சேகரிக்க ஒரு கைவண்டி வருமாம். அந்த வண்டிக்கு 'ஷரெட்' என்று பெயர். முடிக்காதவர்கள் வண்டியோடு ஓடிக்கொண்டே, வண்டியில் ஏறிக்கொண்டே வரைவார்களாம். இதைப் பேராசிரியர்கள் முதல் வகுப்பிலேயே கண்கள் பளபளக்கச் சொல்வார்கள். என்னவோ குருகுலக் கதை போல! கொஞ்சம் யோசித்தால் இது நேரத்தைத் திட்டமிடத் தெரியாத பையன்களின் கதை. அதற்கு ஒரு நூற்றாண்டு கழித்தும் ஆரத்தி எடுக்க வேண்டிய அவசியம் என்ன?

அவசியம் இருக்கிறது. அதைப் புரிந்து கொள்ள ஆர்க்கிடெக்சர் படித்திருக்க வேண்டியதில்லை, கணக்கு படித்தால் போதும். ஒரு பட்டறையில் மரத்துக்கு விலை உண்டு, ஆணிக்கு விலை உண்டு, ஆளுக்குக் கூலி கிடையாது என்று வைத்துக் கொள்வோம். முதலாளி எதைச் சிக்கனம் செய்வார்? மரத்தையும் ஆணியையும்தான். ஆளை எவ்வளவு வேண்டுமானாலும் வீணடிப்பார். ஸ்டுடியோவில் நடப்பது இதுவே. மாணவனின் ஒரு மணி நேரத்துக்கு யாருடைய கணக்குப் புத்தகத்திலும் விலை இல்லை. அதனால் ஆசிரியர் மூன்று நாள் இருக்கும்போது "கான்செப்டை மாற்று" என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறார். அதனால் சீனியர் தன் தீசிஸ் மாடலுக்கு நாலு ஜூனியர்களை ராத்திரி முழுக்க உட்கார வைக்கிறான். (இதற்கு 'ஹெல்ப்' என்று பெயர். கூலி, ஒரு பரோட்டா.) மாணவனும் தன் நேரத்தை அப்படியேதான் நடத்துகிறான். ஐந்து வாரம் சும்மா இருந்துவிட்டு கடைசி வாரத்தில் உயிரை விடுகிறான். விலை இல்லாத சரக்குதானே!

இதற்கு நடுவில் பலியாவது மற்ற பேப்பர்கள். டிசைனுக்குத்தான் கிரெடிட் அதிகம், எனவே ஸ்ட்ரக்சர்ஸ் வகுப்பில் தூக்கம், பில்டிங் சர்வீசஸ் வகுப்பில் தூக்கம். கடைசியில் டிசைனில் கொடி கட்டிப் பறப்பவனுக்கு ஸ்ட்ரக்சர்ஸில் இரண்டு அரியர். ஜூரியில் கைதட்டல் வாங்கிய அந்த இருபதடி கேன்டிலீவர் எதைப் பிடித்துக் கொண்டு நிற்கும் என்று அவனுக்கே தெரியாது.

ஜூரி என்றதும் ஞாபகம் வருகிறது. வகுப்பில் நாற்பது பேர், ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் நானூறு நிமிடம், ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. காலையில் வருபவனுக்குக் கேள்வி கிடைக்கும், மாலையில் வருபவனுக்கு வசவுதான் கிடைக்கும். முப்பத்தெட்டாவது ஆளாக நிற்பவள் மூன்று ராத்திரி தூங்காதவள், எதிரே இருப்பவர் காலையிலிருந்து முப்பத்தேழு பேருக்குச் சொன்னதையே சொல்லி அலுத்தவர். மாடலின் கூரையைப் பிய்த்துப் போட்டு "இதையெல்லாம் ஏம்மா கொண்டு வர்றே" என்று கேட்டால் அது டிசைன் விமர்சனமா? அவள் அழுதால் "தோல் தடிக்கணும்மா, நாளைக்கு கிளையண்ட் இதை விட மோசமாப் பேசுவான்" என்று சமாதானம் வேறு. எந்த கிளையண்டும் வகுப்பே சுற்றி நிற்க ஒருவரைக் கிழிப்பதில்லை. பிடிக்கவில்லை என்றால் வேறு ஆர்க்கிடெக்டிடம் போய்விடுவான், அவ்வளவுதான்.

இது பழைய மரபு என்று சொல்பவர்களுக்கு ஒரு செய்தி. அந்தப் பாரிஸ் பள்ளியில் ஜூரி நடந்தது மூடிய கதவுக்குப் பின்னால், மாணவர்கள் இல்லாமல். மாணவனை நடுவில் நிறுத்தி எல்லோர் முன்னாலும் பேசுவது இருபதாம் நூற்றாண்டில் வந்த பழக்கம். அவமானப்படுத்துவது கற்பித்தல் ஆகாது என்று தெரிய பெரிய பெரிய இடங்களுக்கே நாளாயிற்று. லண்டனின் புகழ்பெற்ற பார்ட்லெட் பள்ளியில் பல வருஷங்களாக மாணவர்கள் மிரட்டலுக்கும் பாகுபாட்டுக்கும் ஆளானதை வெளியார் நடத்திய விசாரணை எடுத்துக் காட்டியது. 2022-ல் அந்தப் பல்கலைக்கழகம் பகிரங்கமாக மன்னிப்பு கேட்டது.

"அப்படியெல்லாம் கஷ்டப்பட்டுத்தான் பெரியவர்கள் பெரியவர்கள் ஆனார்கள்" என்று ஒரு வாதம் வரும். உடனே பாலகிருஷ்ண தோஷியை இழுப்பார்கள். 2018-ல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற முதல் இந்தியர். 1951-ல் பாரிஸில் லெ கார்பூசியேயிடம் சேர்ந்து முதல் எட்டு மாதம் சம்பளமில்லாமல் வேலை செய்தவர். உண்மைதான். இந்தக் கதையை யார் சொல்கிறார்கள் என்று பாருங்கள். ட்ரெய்னிங்குக்கு வந்த பெண்ணுக்கு ஸ்டைபண்ட் தர மனசில்லாத ஆபீஸ்காரர்கள்! கதையின் மறுபாதியில் முதலாளி லெ கார்பூசியேயாக இருக்க வேண்டும் என்பதை வசதியாக மறந்து விடுகிறார்கள். தோஷிக்குக் கிடைத்தது சண்டிகர், அகமதாபாத் கட்டிடங்களில் வேலை. இந்தப் பெண்ணுக்குக் கிடைப்பது ஒரு செமஸ்டர் முழுக்க பாத்ரூம் டைல்ஸ் ட்ராயிங். ஜப்பானின் ஜூன்யா இஷிகாமி 2019-ல் லண்டன் செர்பன்டைன் கேலரிக்குப் பெவிலியன் வடிவமைத்தபோது அவருடைய ஆபீஸ் சம்பளமில்லாத பயிற்சியாளர்களைக் கேட்டது வெளியே வந்து நாறியது. பெவிலியனில் வேலை செய்யும் எல்லோருக்கும் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்று கேலரி சொல்லிவிட்டது. உலகப் புகழ் பெற்றவருக்கே அந்த நிலை என்றால், மாடியில் நாலு கம்ப்யூட்டர் போட்டிருக்கும் ஆபீஸுக்கு எங்கிருந்து வந்தது இந்தத் தைரியம்? ஸ்டுடியோவில் ஐந்து வருஷம் இலவசமாக வேலை செய்து பழகிய கூட்டம் வாசலில் நிற்கிறதே, அதிலிருந்துதான். இதே கூட்டம் பிறகு சொந்தமாக ஆபீஸ் போட்டு, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் வகுத்த கட்டண அளவையும் விட்டுவிட்டு, "பிளான் மட்டும் ஃப்ரீயாப் போட்டுத் தர்றேன் சார்" என்று இறங்குகிறது. பிறகு இந்த நாட்டில் ஆர்க்கிடெக்டுக்கு மதிப்பில்லை என்று புலம்பல்.

சரி, இந்தக் கூத்துக்கு நடுவில் தூங்கியும் ஜெயிக்கும் சிலர் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். அவர்களைக் கவனித்தால் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. சப்மிஷனுக்கு ஒரு வாரம் முன்பே டிசைனை உறைய வைத்து விடுகிறார்கள். அதற்குப் பிறகு கடவுளே வந்து மாற்றச் சொன்னாலும் கிடையாது. ஒன்றுக்கு நூறு அளவில் கேட்காத மாடலை ஒன்றுக்கு இருநூறில் செய்கிறார்கள். பரப்பு கால்வாசி ஆகிறது, ஒட்டும் வேலையும் போர்டு செலவும் அதற்கேற்பக் குறைகிறது. ப்ளாட்டர் கடைக்குக் காலை ஆறு மணிக்குப் போகாமல் முந்தின மத்தியானமே போய்விடுகிறார்கள் (அந்தக் கடை அண்ணன் மனிதராகப் பேசுவது அந்த நேரத்தில் மட்டும்தான் :-)). ஜூரியில் பேசும்போது பக்கத்தில் ஒரு தோழியை நிறுத்தி, சொல்வதையெல்லாம் எழுதிக் கொள்ளச் சொல்கிறார்கள். பதட்டத்தில் பாதி காதில் விழாது. எழுதி வைத்ததைப் பிறகு படித்தால் இருபது வசவுக்கு நடுவில் மூன்று நல்ல யோசனை இருக்கும்.

முக்கியமாக, இவர்கள் கட்டிடம் பார்க்கிறார்கள். கையில் ஒரு டேப், சின்ன நோட்டு. பஸ் ஸ்டாண்ட் டிசைன் செய்ய வேண்டும் என்றால் மத்தியானம் இரண்டு மணிக்குக் கோயம்பேட்டில் போய் உட்கார்ந்து, நிழல் எங்கே விழுகிறது, ஜனம் எங்கே படுக்கிறது என்று பார்க்கிறார்கள். பக்கத்துத் தெருவில் ஸ்லாப் போடுகிறார்கள் என்றால் போய் நின்று, கம்பி கட்டுபவரிடம் ஏன் இந்த இடத்தில் கம்பி நெருக்கமாக வருகிறது என்று கேட்கிறார்கள். ஸ்ட்ரக்சர்ஸ் பேப்பரில் விளங்காதது மேஸ்திரியின் இரண்டு வாக்கியத்தில் விளங்கி விடுகிறது. கேரளத்தில் லாரி பேக்கர் பழைய கவரின் பின்பக்கத்தில் வரைந்து, சைட்டில் கொத்தனாரோடு நின்று கட்டினார். திருவனந்தபுரத்தில் அவர் கட்டிய சி.டி.எஸ். வளாகத்தைப் பார்த்தவர்கள், ரெண்டரிங் நல்லாயில்லை என்று குறை சொல்வதில்லை.

இப்படிப்பட்ட பையனோ பெண்ணோ ராத்திரி பதினொன்றரைக்கு ஹாஸ்டலுக்குக் கிளம்பினால் ஸ்டுடியோவில் ஒரு கேலிச்சிரிப்பு கேட்கும். "தூங்கப் போறியா? சீரியஸ்னஸே இல்ல." அந்தச் சிரிப்பைத் தாங்குவதுதான் உண்மையான கஷ்டம், மூன்று ராத்திரி விழிப்பதை விட. ட்ரெய்னிங் இன்டர்வியூவில் "ஸ்டைபண்ட் எவ்வளவு சார்?" என்று கேட்கும்போதும் அதே சிரிப்பு, இந்த முறை மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "கத்துக்க வர்றியா, சம்பாதிக்க வர்றியாம்மா?" என்பார்கள். ரெண்டுக்கும்தான் சார், என்று சொல்லிவிட்டு எதிரே இருப்பவர் ஒரு தொகையைச் சொல்லும் வரை பேசாமல் உட்கார்ந்திருக்கலாம்.