மேலே விமானம், கீழே யார்?

குடியரசு நாளன்று தில்லி வானத்திலே போர் விமானங்கள் அணிவகுத்துப் பறக்கின்றன. பார்க்கிறோம், பூரிக்கிறோம். பிரான்சிடம் 36 ரபேல் வாங்கினோம் என்று ஆளவந்தார் மார்தட்டுகின்றனர். வாங்கட்டும், வேண்டாமென்று நாம் கூறவில்லை. ஆனால் அந்த விமானம் எங்கே குண்டு போடவேண்டும் என்பதைப் பகைவனுக்கு எதிரே தரையிலே படுத்துக்கொண்டு ரேடியோவிலே சொல்கிறானே ஒருவன், அவனைப் பற்றிப் பேசுவார் யார்?

எளிய வேலையா அது? மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்திலே வரும் விமானம் ஒரு நொடியிலே 220 மீட்டரைத் தாண்டிவிடும். மேலேயிருந்து பார்க்கும் விமானிக்கு நம் பதுங்குகுழியும் பகைவன் பதுங்குகுழியும் ஒன்றுபோலத்தான் தெரியும். இலக்கு எங்கே, நம்மவர் எங்கே, எத்திசையிலே நுழைவது, எத்திசையிலே விலகுவது, இத்தனையும் தரையிலிருப்பவன் சொல்லவேண்டும். விமானி அதைத் திருப்பிச் சொல்லவேண்டும். சரியென்று கண்ட பிறகே 'போடு' என்று அனுமதி தரவேண்டும். சிறு ஐயம் எழுந்தாலும் 'நிறுத்து' என்று கூவவேண்டும். துப்பாக்கிக் குண்டுகள் காதோரம் பறக்கும்போது செய்யவேண்டிய வேலை இது!

அமெரிக்காவிடம் இல்லாத கருவியா? 2001 டிசம்பர் 5-ஆம் நாள், ஆப்கானிஸ்தானிலே காந்தகாருக்கு வடக்கே நடந்தது என்ன? தரையிலிருந்து வழிகாட்டியவர், இடங்காட்டும் கருவிக்குப் புது பாட்டரி போட்டார். உயிர்பெற்ற கருவி, பகைவன் இருந்த இடத்தைக் காட்டவில்லை. தான் இருந்த இடத்தையே காட்டியது. அந்த எண்கள் விமானத்துக்குப் போயின. 2,000 பவுண்டு குண்டு குறி தவறவில்லை. சொன்ன இடத்திலே சரியாக விழுந்தது! மூன்று அமெரிக்க வீரர்களும் உடனிருந்த ஆப்கானியரும் மாண்டனர். பின்னாளிலே அந்நாட்டின் தலைவரான ஹமீத் கர்சாய் சிறு காயத்தோடு தப்பினார். பாட்டரி மாற்றினால் கருவி என்ன காட்டும் என்பது, அமைதிக் காலத்திலே பயிற்சித் திடலிலே படித்திருக்கவேண்டிய பாடம்.

2014 ஜூனிலே ஜாபுல் மாநிலத்திலே இன்னொன்று. வீரர்கள் தலைக்கவசத்திலே அகச்சிவப்பு விளக்கு மின்னியது. மேலே பறந்த பி-1 விமானத்தின் குறிபார்க்கும் கருவிக்கு அவ்விளக்கு தெரியாது. தெரியாது என்பதே அங்கிருந்தவர்களுக்குத் தெரியவில்லை! ஐந்து அமெரிக்கர், ஓர் ஆப்கானியர் உயிர் போயிற்று.

நம்மவரால் முடியாததா என்றால், முடியும். 1971 டிசம்பர் 4 இரவு, ராஜஸ்தானத்து லோங்கேவாலாவிலே மேஜர் குல்தீப்சிங் சாந்த்புரியின் ஒரு கம்பெனி, பாகிஸ்தான் டாங்கிகளை எதிர்த்து நின்றது. ஜெய்சால்மரிலிருந்த ஹண்டர் விமானங்களுக்கு இரவிலே போரிடும் வசதி கிடையாது. விடியும்வரை தாங்கினர். விடிந்ததும் ஹண்டர்கள் பாய்ந்தன. தரைப்படையின் சின்னஞ்சிறு கிருஷக் விமானத்திலே மேஜர் ஆத்மா சிங் பறந்து, டாங்கி நிற்கும் இடங்களைச் சுட்டிக்காட்டினார். மணல்வெளியிலே டாங்கிகளுக்கு ஒளிய இடமில்லை.

ஆனால் எல்லாப் போரும் மணல்வெளியிலே, பகல் வெளிச்சத்திலே நடக்குமா? 1965 செப்டம்பர் முதல் நாள் மாலை, சம்ப் பகுதிக்கு அவசரமாக அனுப்பப்பட்ட நம் விமானங்கள் நம் படைமீதே தாக்கிய கொடுமையும் நடந்ததே! அதையும் சேர்த்தல்லவா நினைவிலே வைக்கவேண்டும்?

இப்படிக் கேட்டால் தேசபக்தி இல்லை என்பார்கள். 1962-இலே சீனப் படையெடுப்பின்போது, திராவிட நாட்டுக் கோரிக்கையையே ஒதுக்கிவைத்துப் போர்நிதி திரட்டித் தந்த இயக்கம் நம் இயக்கம். அந்தப் போரிலே போர் விமானங்களைத் தாக்குதலுக்கு அனுப்பாமலே வைத்திருந்தது தில்லிதான். பக்திச் சான்றிதழ் நமக்கு வேண்டியதில்லை.

பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்றக் குழுவிலே நம் உறுப்பினர்கள் கேட்கட்டும்: ஆண்டுக்கு எத்தனை பேர் இந்தப் பயிற்சி பெறுகின்றனர்? உண்மையான விமானத்தோடு, இரவிலே, மலையிலே எத்தனை முறை பழகுகின்றனர்? பழக்கம் விட்டுப்போனவரின் தகுதி மீண்டும் சோதிக்கப்படுகிறதா? தரைப்படையும் விமானப்படையும் பேசிக்கொள்ள ஒரே ரேடியோ, ஒரே வரைபடம் உண்டா? இரகசியம் என்றால், மூடிய அறையிலே சொல்லட்டும்.