"கேட்டேன் சார், முழுசாகக் கேட்டேன்!"



நான் குடியிருப்பது திருமுடிவாக்கத்தில். சிட்கோ தொழிற்பேட்டை இருக்கும் ஊர் என்றால் பல்லாவரம், குன்றத்தூர்ப் பக்கத்து மாணவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். காலையில் கல்லூரிக்குப் புறப்படும்போது, பேருந்து நிறுத்தத்தில் எங்கள் தெருப் பையன் ஒருவனைப் பார்ப்பேன். அப்போது அவன் பத்தாம் வகுப்பு. கெட்டிக்காரன். அரையாண்டுத் தேர்வு நெருங்க நெருங்க அவன் முகம் வாடிக்கொண்டே வந்தது. ஒரு நாள் நின்றபடியே தூங்கிக் கம்பத்தில் முட்டிக்கொண்டான்.

"என்னப்பா, உடம்பு சரியில்லையா?" என்றேன்.

"அதெல்லாம் இல்லை சார். ராத்திரி நாலு மணி நேரம்தான் தூங்குகிறேன். பெரிய ஆளாக வந்தவர்கள் எல்லாம் அப்படித்தானாம். ஒருத்தர் பேட்டியில் சொன்னார்."

பேட்டியைக் கைப்பேசியில் பார்த்திருக்கிறான். பேசியவர் வாழ்க்கை முன்னேற்றம் பற்றிப் புத்தகம் எழுதியவராம்.

"ஏன் நாலு மணி நேரம் என்று கேட்டாயா?"

"கேட்டேன் சார், முழுசாகக் கேட்டேன்!"

எனக்குச் சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை. நான் கேட்டது வினாவைப் பற்றி. அவன் சொன்னது செவியைப் பற்றி. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். திருக்குறளில் 'கேள்வி' என்றே ஓர் அதிகாரம் உண்டு. அது கற்றவர் சொல்லைச் செவிகொடுத்துக் கேட்பதைப் பற்றியது. கேட்பது நல்லதுதான். ஆனால் நம் காலத்தில் செவி வேலை செய்யும் அளவுக்கு வாய் வேலை செய்வதில்லை. எழுத்தாளர்களும் மருத்துவர்களும் வல்லுநர்களும் பேசும் பேட்டிகள் நம் கைக்குள்ளேயே கிடைக்கின்றன. எப்படிப் படிப்பது, எதைச் சாப்பிடுவது, எந்தப் படிப்பில் சேருவது என்று எல்லாவற்றையும் சொல்கிறார்கள். நாம் தலையாட்டுகிறோம். அதற்குப் பெயர் உரையாடலா? இல்லை என்பதே என் கருத்து.

தூக்கத்தையே எடுத்துக்கொள்வோம். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்கள் நாள்தோறும் 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-ல் பரிந்துரை செய்தது. பகலில் படித்ததை மூளை நிலைப்படுத்திக்கொள்வதில் தூக்கத்திற்குப் பெரும் பங்கு உண்டு. தூக்கத்தை வெட்டிப் படிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போலத்தான். "உங்களுக்குப் பொருந்தியது என் வயதுக்கும் பொருந்துமா?" என்ற ஒரு கேள்வி அந்தப் பையனிடம் இருந்திருந்தால் போதும். கம்பத்தில் முட்டியிருக்க மாட்டான்.

ஓட்டல் அறையில் ஒரு மாணவர்

சரி, கேள்வி கேட்பது எப்படி இருக்கும்? நம் சென்னையிலேயே நடந்த ஒரு சந்திப்பைச் சொல்கிறேன்.

1928-ஆம் ஆண்டு. ஜெர்மனியின் புகழ்பெற்ற இயற்பியல் பேராசிரியர் அர்னால்டு சோமர்ஃபெல்டு இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் சொற்பொழிவாற்றினார். அந்தக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர், சொற்பொழிவைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. மறுநாள் பேராசிரியர் தங்கியிருந்த ஓட்டல் அறைக்கே போய்விட்டார்! அவர்தான் சுப்பிரமணியன் சந்திரசேகர்.

போனவர் வெறுங்கையோடு போகவில்லை. அணுவின் அமைப்பைப் பற்றிச் சோமர்ஃபெல்டு எழுதிய பெரிய நூலைத் தாமாகவே படித்து முடித்திருந்தார். அதைப் பெருமையோடு சொன்னார். பேராசிரியர் என்ன செய்தார் தெரியுமா? பாராட்டித் தட்டிக்கொடுத்து அனுப்பிவிடவில்லை. அந்த நூலை எழுதிய பிறகு இயற்பியலே மாறிவிட்டது என்றார். ஹைசன்பர்கு, சுரோடிங்கர், டிராக் ஆகியோரின் புதிய குவாண்டம் இயக்கவியலைப் பற்றி எடுத்துச் சொன்னார். மாணவர் படித்திருந்த புள்ளியியல் இயக்கவியலும் பழையதாகிவிட்டது என்றார். பிறகு, உலோகங்களில் எலெக்ட்ரான்களின் நடத்தை பற்றித் தாம் எழுதி, இன்னும் வெளிவராதிருந்த கட்டுரையின் அச்சுப்படியை அந்த இளைஞர் கையில் கொடுத்தார்.

எண்ணிப் பாருங்கள். நீங்கள் உழைத்துப் படித்ததை, அதை எழுதியவரே "பழையது" என்று சொன்னால் மனம் எப்படி இருக்கும்? சோர்ந்து போகலாம். சந்திரசேகர் சோர்ந்து உட்காரவில்லை. அந்த அச்சுப்படியைப் படித்தார். அதன் வழியே புதிய புள்ளியியலைக் கற்றார். அதைக் காம்ப்டன் விளைவுக்குப் பொருத்திக் கட்டுரை எழுதினார். 1929-ல் அது லண்டன் ராயல் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தது.

1930 ஜூலை 31 அன்று அவர் பம்பாயில் கப்பல் ஏறி இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். ஓட்டல் அறையில் அறிமுகமான அதே புதிய புள்ளியியலோடு சார்பியல் கொள்கையையும் சேர்த்துக் கப்பலிலேயே கணக்குப் போட்டார். எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன விண்மீனுக்கு வெண்குறுமீன் என்று பெயர். அப்படிப்பட்ட விண்மீனின் நிறைக்கு ஓர் உச்ச எல்லை உண்டு என்று அவர் கணக்கு காட்டியது. இன்று அந்த எல்லையைச் சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்கிறோம். 'சந்திரசேகர் எல்லை' என்பது அதுதான்.

வல்லுநரும் தவறலாம்

கதை இங்கே முடிந்திருந்தால், "பெரியவர் சொன்னதைக் கேள், முன்னேறு" என்று நானும் எழுதிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் கதை முடியவில்லை.

1935 ஜனவரி 11 அன்று லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டம். சந்திரசேகர் தம் முடிவை எடுத்துரைத்தார். அடுத்து எழுந்தவர் சர் ஆர்தர் எடிங்டன். அக்காலத்தின் மாபெரும் வானியல் வல்லுநர். சந்திரசேகரின் வேலையை அருகிலிருந்து கவனித்து வந்தவர். அவரே அந்த முடிவு அபத்தமானது என்று எல்லோர் முன்னிலையிலும் கேலி செய்தார். மற்ற இயற்பியலறிஞர்கள் சிலர் தனிப்பட்ட முறையில் சந்திரசேகர் பக்கமே இருந்தார்கள். ஆனால் வெளிப்படையாக வாய் திறக்கவில்லை. பெரியவர் சொல்லிவிட்டார் அல்லவா?

எடிங்டன் சொன்னது தவறு. ஆனால் அது எல்லோருக்கும் தெளிவாகப் பல ஆண்டுகள் ஆயின. அதற்காகச் சந்திரசேகர் வாழ்நாள் முழுவதும் சண்டை போட்டுக்கொண்டிருக்கவில்லை. தம் கணக்கையும் விட்டுக்கொடுக்கவில்லை. விண்மீன்களின் அமைப்பைப் பற்றி அறிந்ததையெல்லாம் 1939-ல் ஒரு நூலாக எழுதி முடித்துவிட்டு, வேறு துறைக்குப் போனார். அங்கும் ஆழமாக உழைத்து நூல் எழுதினார். மீண்டும் துறை மாறினார். ஒவ்வொரு முறையும் தொடக்க மாணவரைப் போலப் புதிதாகக் கற்றார். 1982-ல் கேம்பிரிட்ஜில், எடிங்டனின் நூற்றாண்டையொட்டி அவரைப் பற்றி மதிப்போடு சொற்பொழிவுகள் ஆற்றியவரும் இதே சந்திரசேகர்தான். மறு ஆண்டு, 1983-ல், அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு பெரியவரைச் சந்தித்ததால் வாழ்க்கை திரும்பியது. இன்னொரு பெரியவர் மறுத்தபோது கணக்குத்தான் அவருக்குத் துணை நின்றது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். வல்லுநரை மதிப்பது வேறு. அவர் சொல்வதையெல்லாம் அப்படியே விழுங்குவது வேறு.

நம்மூரிலேயே கேட்கலாம்

"சார், எங்கள் ஊருக்கு எந்தச் சோமர்ஃபெல்டு வரப்போகிறார்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். என் பதில் இது: வல்லுநர் என்பவர் மேடையில் மட்டும் இருப்பவர் அல்லர்.

எங்கள் தொழிற்பேட்டையில் லேத் பட்டறைகள் பல உண்டு. கடைந்து முடித்த இரும்புத் தண்டை அனுபவமுள்ள டர்னர் உடனே அளந்து முடிவு சொல்ல மாட்டார், ஆறவிடுவார். ஏன் என்று கேளுங்கள். "சூட்டில் அளந்தால் ஏமாந்து போவோம்" என்பார். வீட்டுக்கு வந்து கணக்குப் போடுங்கள். தண்டின் விட்டம் 50 மில்லிமீட்டர். சூடு 50 டிகிரி செல்சியஸ் கூடியிருக்கிறது. எஃகின் நீள்விரிவெண் டிகிரிக்கு ஏறத்தாழ 0.000012. மூன்றையும் பெருக்கினால் 0.03 மில்லிமீட்டர் வரும். உங்கள் ஆய்வகத்துத் திருகு அளவியில் அது மூன்று பிரிவு! பாடப்புத்தகத்தின் வெப்ப விரிவு பட்டறை வாசலிலேயே நிற்கிறது. அவர் சொன்னதை நீங்கள் சரிபார்த்தும் விட்டீர்கள். இதுதான் நான் சொல்லும் உரையாடல்.

ஊர்ச் செவிலியரிடமும், ஏரிப் பாசனம் தெரிந்த விவசாயியிடமும், நூலகரிடமும் இப்படியே கேட்கலாம். மனம் பாரமாக இருக்கும்போது கேட்பதற்கும் ஆள் உண்டு. 14416 என்ற எண்ணில் அரசின் டெலி-மானஸ் மனநல ஆலோசனை எந்த நேரமும் இலவசமாகக் கிடைக்கும். தயங்காமல் கேளுங்கள்.

எவரிடம் போனாலும் மூன்று பழக்கங்களை மறவாதீர்கள். முதலாவது, போகும் முன் அவர் துறையைப் பற்றிக் கொஞ்சமாவது படித்துக்கொண்டு போங்கள். இரண்டாவது, "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று பணிவோடு கேளுங்கள், தம் அனுபவத்தை மட்டும் சொல்கிறாரா, பலரிடம் சோதித்து அறிந்ததைச் சொல்கிறாரா என்பது விளங்கிவிடும். மூன்றாவது, திரும்பி வந்து நீங்களே சரிபாருங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளிக்கு விருந்தினரை அழைக்கிறோம். அவர் ஒரு மணி நேரம் பேசுகிறார். நன்றியுரையோடு மணி அடித்துவிடுகிறது. அந்த ஒரு மணியில் பாதியை மாணவர்களின் கேள்விகளுக்கு ஒதுக்குங்கள். யார் வரப்போகிறார் என்பதை ஒரு வாரம் முன்னதாகவே அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். பதில் தெரியாத கேள்வி வந்தால் "தெரியவில்லை" என்று விருந்தினர் சொல்லட்டும். அதைக் கேட்பதும் ஒரு பாடம்தான்.

எங்கள் தெருப் பையன் இப்போது பதினொன்றாம் வகுப்பு. இரவு பத்து மணிக்கே படுத்துவிடுகிறான். போன வாரம் பேருந்து நிறுத்தத்தில் என்னை மடக்கினான்: "சார், எட்டு மணி நேரம் தூங்கச் சொன்னீர்களே, நீங்கள் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்?"

ஆறு என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். பெரியவர்களுக்கும் குறைந்தது ஏழு வேண்டுமாமே என்று அவனே எனக்குச் சொன்னான். எங்கேயோ படித்துச் சரிபார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறான்!