வானொலி நிலையத்தை வாங்கப் போவது யார்?

ஊரில் பெரிய வீடொன்று விலைக்கு வருகின்றது என்னும் செய்தி கசிந்துவிட்டால் போதும். அதை வாங்கப் போகின்றவர் யார் என்பதை வீட்டுக்காரர் முடிவு செய்வதற்கு முன்னரே ஊரார் முடிவு செய்துவிடுவார்கள். கடைத்தெருவில் ஒருவர் பெயர் அடிபடும். கலியாணப் பந்தலில் வேறொருவர் பெயர் அடிபடும். இன்ன விலைக்குப் படிந்துவிட்டதாம் என்று, பத்திரம் எழுதியவரே நேரில் வந்து சொன்னாற்போல ஒருவர் அடித்துப் பேசுவார். இந்த ஆர்வம் நமக்கு மட்டுமே உரியது என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவின் பாஸ்டன் மாநகரில் 2017-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நவம்பர் வரை இதே பேச்சுத்தான். அங்கே விலைக்கு வந்தவை, நகர மக்கள் நாள்தோறும் செவிமடுத்து வந்த வானொலி நிலையங்கள்.

சி.பி.எஸ். என்னும் பெரும் நிறுவனம், தொலைக்காட்சித் தொழிலே போதும் என்ற முடிவுக்கு வந்து, தன் வானொலிப் பிரிவை முழுவதுமாகக் கைவிட முற்பட்டது. அப்பிரிவில் 117 நிலையங்கள் இருந்தன. பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த என்டர்காம் நிறுவனம் அவற்றைத் தன்னோடு இணைத்துக்கொள்ளும் என்று 2017 பிப்ரவரி 2-ஆம் நாள் அறிவிக்கப்பட்டது. பாஸ்டனில் இவ்விரு நிறுவனங்களுக்கும் ஆளுக்கு ஐந்து நிலையங்கள் இருந்தன; சேர்த்தால் பத்து. அமெரிக்க விதிகளோ, மிகப் பெரிய நகரங்களிற்கூட ஓர் உரிமையாளர் எட்டு நிலையங்களுக்கு மேல் வைத்திருக்க இடங்கொடுப்பதில்லை. அவ்வெட்டிலும் பண்பலை நிலையங்கள் ஐந்தைத் தாண்டலாகாது. இங்கே பண்பலை மட்டுமே ஏழு. ஆகவே, சிலவற்றை விற்றே ஆகவேண்டிய நிலை.

எவற்றை வைத்துக்கொள்வார்கள்? எவற்றை விற்பார்கள்? விற்பவற்றை வாங்குவது யார்? இந்த மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டு ஒன்பது மாதங்கள் ஊகங்கள் உலவின. அவற்றுள் சூடு மிகுந்தது விளையாட்டு நிலையங்களைப் பற்றியது. டபிள்யூ.இ.இ.ஐ. என்பது பாஸ்டனின் பழைய விளையாட்டு நிலையம். பேஸ்பால் அணியான ரெட் சாக்ஸின் ஆட்டங்களை அதில்தான் கேட்க வேண்டும். அதற்குப் போட்டியாக 2009 ஆகஸ்டில் சி.பி.எஸ். தொடங்கியது 'ஸ்போர்ட்ஸ் ஹப்'. கால்பந்து (அமெரிக்கர்கள் கையால் ஆடுவதற்கும் அப்பெயரையே சூட்டியிருக்கின்றார்கள்) அணியான பேட்ரியட்ஸின் ஆட்டங்கள் இதில் வரும். நாளெல்லாம் ஒன்றையொன்று வம்புக்கிழுத்துக் கொண்டிருந்த இவ்விரண்டும் ஒரே கூரையின்கீழ் வந்தால் சண்டை என்னாவது என்பதே இரசிகர்களின் கவலை!

இந்த ஆரவாரத்தில் அதிகம் பேசப்படாத மற்றொரு நிலையமும் அந்தப் பத்தில் இருந்தது. டபிள்யூ.பி.இசட். என்பது அதன் பெயர். மின்கருவிகள் செய்யும் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம், 1921 செப்டம்பரில் உரிமம் பெற்று, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் தொடங்கியது. பிறகு பாஸ்டனுக்குக் குடிபெயர்ந்தது. 50,000 வாட் ஆற்றலுடன் ஒலிபரப்பும் மத்திய அலை நிலையம் அது. இரவு வேளையில் பல மாநிலங்களுக்கு அப்பாலும் கேட்கும். 1995-இல் வெஸ்டிங்ஹவுசே சி.பி.எஸ். நிறுவனத்தை வாங்கி, பின்னர் அதன் பெயரையே தன் பெயராக்கிக் கொண்டது. ஆகவே பெருநிறுவனங்கள் கூடியும் பிரிந்தும் பெயர் மாறியபோதெல்லாம் கூடவே போய்வந்ததே அன்றி, 96 ஆண்டுகளில் அந்நிலையம் தனியே எடுத்து விற்கப்பட்டதில்லை. பனி கொட்டும் விடியற்காலையில் எந்தெந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை என்று அதில் வாசிப்பார்கள். தம் பள்ளியின் பெயர் வருகிறதா என்று வானொலிப் பெட்டியருகே காத்திருந்த பிள்ளைகள் அங்கே தலைமுறை தலைமுறையாக உண்டு. 1978 பிப்ரவரியில் வீசிய பெரும் பனிப்புயல் சாலைகளை மூடி மக்களை வீட்டுக்குள் முடக்கிய நாட்களில், வெளியுலகோடு பலருக்கிருந்த தொடர்பு வானொலிதான்.

இப்படிப்பட்ட ஒன்றை விற்கும்போது உண்மையில் விற்கப்படுவது என்ன? வாசகர்கள் இதைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். காற்றில் செல்லும் அலைவரிசை எந்த நிறுவனத்துக்கும் சொந்தமன்று. அமெரிக்கச் சட்டம் அதை மக்களின் பொதுவுடைமையாகவே கருதுகின்றது. (நம் நாட்டு உச்சநீதிமன்றமும் 1995 பிப்ரவரியில் வழங்கிய புகழ்பெற்ற தீர்ப்பில் அலைவரிசைகள் பொதுச்சொத்து என்றே கூறியிருக்கின்றது.) எட்டாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் உரிமம் ஒன்றே நிலையத்தாரிடம் இருப்பது. அவ்வுரிமமும், பொதுமக்களின் நலனுக்குப் பயன்பட வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் தரப்படுவது. ஆயினும் விலை பேசும் மேசையில் இந்த நிபந்தனைக்கு மதிப்புப் போடுவாரில்லை. விளம்பர வருவாய் எவ்வளவு, செலவு எவ்வளவு, செலவில் எவ்வளவு குறைக்கலாம் என்பதே கணக்கு. கடன் வாங்கி நிலையத்தை வாங்குபவருக்கு வட்டி கட்டியாக வேண்டும். வருவாயை ஒரே நாளில் உயர்த்த இயலாது. ஆட்களை ஒரே நாளில் குறைத்துவிடலாம்.

குறைத்தபின் நிலையம் எப்படி நடக்கும் என்று கேட்பீர்கள். தொலைதூர நகரமொன்றில் அமர்ந்திருக்கும் அறிவிப்பாளர் ஒருவர், பல ஊர் நிலையங்களுக்கும் சேர்த்து முன்கூட்டியே பேசிப் பதிந்துவிடுவார். அந்தந்த ஊர்த் தெருக்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி அவர் முன் வைத்திருப்பார்கள். கணினியானது பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே அக்குரலைச் செருகிக்கொள்ளும். கேட்பவருக்கு, அடுத்த தெருவிலிருந்து நண்பரொருவர் பேசுவது போலவே இருக்கும். நிலையத்துக் கதவோ பூட்டியிருக்கும்.

சரி, பாஸ்டனில் யார்தாம் வாங்கினார்கள்? 2017 நவம்பர் 1-ஆம் நாள் அமெரிக்க நீதித்துறை, பாஸ்டன், சான் பிரான்சிஸ்கோ, சாக்ரமெண்டோ ஆகிய மூன்று நகரங்களில் 13 நிலையங்களை விட்டுக்கொடுத்தால்தான் இணைப்புக்கு இசைவோம் என்றது. விளம்பரதாரர்களிடம் கூடுதல் கட்டணம் கறக்கப்படும் என்பதே அத்துறையின் அச்சம். 'ஸ்போர்ட்ஸ் ஹப்' பீஸ்லி என்னும் நிறுவனத்துக்குப் போயிற்று. மாற்றாக பீஸ்லியின் இசை நிலையமொன்று என்டர்காமுக்கு வந்தது. இரசிகர்களின் சண்டைக்குப் பங்கம் நேரவில்லை. டபிள்யூ.பி.இசட்.டும் வேறு மூன்று நிலையங்களும் ஐஹார்ட்மீடியா நிறுவனத்தைச் சேர்ந்தன.

இந்த ஐஹார்ட்மீடியா யார் என்று பார்த்தால், ஊகம் செய்தவர்கள் எதை எண்ணிக் கவலைப்பட்டிருக்க வேண்டும் என்பது விளங்கும். கிளியர் சேனல் என்பது இதன் பழைய பெயர். டெக்சாஸ் மாநிலத்தின் சான் அந்தோனியோவில் 1972-இல் ஒரேயொரு நிலையத்தோடு தொடங்கியது. 1996-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் வரும் வரை, அமெரிக்கா முழுவதிலும் ஒருவர் 40 நிலையங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அந்த வரம்பு நீங்கிய சில ஆண்டுகளிலேயே கிளியர் சேனலிடம் 1,200 நிலையங்களுக்கு மேல் சேர்ந்துவிட்டன. 2008-இல் இரு முதலீட்டு நிறுவனங்கள் பெருங்கடன் வாங்கி அதை வாங்கின. கடன் முழுவதும் நிலையங்களின் தலையில் ஏறியது. அவ்விரு முதலீட்டு நிறுவனங்களும் பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்டவை என்பது ஒரு வேடிக்கை. டபிள்யூ.பி.இசட். கைக்கு வந்து நான்கு மாதங்கள் நிறைவதற்குள், 2018 மார்ச்சில், ஏறத்தாழ 2,000 கோடி டாலர் கடனோடு ஐஹார்ட்மீடியா திவால் மனுத் தாக்கல் செய்தது! கடன்காரர்களோடு உடன்பாடு கண்டு அது மீண்டெழ 2019 மே மாதம் ஆயிற்று. 2020 ஜனவரியில் நாடெங்கும் உள்ள தன் நிலையங்களிலிருந்து நூற்றுக்கணக்கான ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது.

இதே நிறுவனம் கிளியர் சேனல் என்ற பழைய பெயரில் இருந்த நாளில் நடந்த ஒரு நிகழ்ச்சியை இங்கே சொல்லியாக வேண்டும். வடக்கு டகோட்டா மாநிலத்தில் மைனாட் என்றொரு சிறு நகரம். அன்று ஏறத்தாழ 36,000 பேர் வாழ்ந்த ஊர். வணிக வானொலி நிலையங்கள் ஆறு. ஆறும் கிளியர் சேனலுக்கே சொந்தம். 2002 ஜனவரி 18-ஆம் நாள், நள்ளிரவு கழிந்து ஏறத்தாழ ஒன்றரை மணி. கடுங்குளிர். ஊரோரமாகச் சென்ற சரக்கு இரயிலின் 112 பெட்டிகளில் 31 தடம் புரண்டன. உரத்துக்குப் பயன்படும் நீரற்ற அம்மோனியாவை ஏற்றிவந்த ஐந்து தொட்டிப் பெட்டிகள் பிளந்து, ஐந்தரை லட்சம் லிட்டருக்கு மேல் வெளியேறியது. கண்ணையும் நுரையீரலையும் எரிக்கும் நச்சுப் புகை வெண்மேகமாய் எழுந்து குடியிருப்புகளின்மேல் கவிந்தது. சில பகுதிகளில் மின்சாரமும் நின்றுபோனது.

வெளியே ஓடினால் ஆபத்து. வீட்டுக்குள்ளேயே இருந்து, கதவு சன்னல்களை அடைத்து, ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொள்ள வேண்டும். இதை ஊர் முழுவதற்கும் ஒரே நேரத்தில் சொல்ல வானொலியை விட்டால் வேறு வழி எது? அவசர அறிவிப்புக்கென்று குறிக்கப்பட்ட நிலையமும் அந்த ஆறில் ஒன்றே. காவல் துறையினர் தொலைபேசியில் அழைத்தார்கள். உரிய நேரத்தில் யாரையும் தொடர்பு கொள்ள முடியவில்லை. அவசர அறிவிப்புக் கருவியும் இயங்கவில்லை. இருளில் விழித்தெழுந்து வானொலியைத் திருகியவர்களுக்குப் பாட்டுக் கேட்டது; எச்சரிக்கை கேட்கவில்லை. ஒருவர் உயிரிழந்தார். 11 பேர் கடுமையாகவும், 300-க்கும் மேற்பட்டோர் ஓரளவும் பாதிக்கப்பட்டார்கள்.

பின்னர் எழுந்த வழக்குப் பேச்சில், நிலையத்தில் ஆள் இருந்தார், காவல் துறையினர்தாம் தம் பக்கத்துக் கருவியைச் சரியாக அமைத்து வைக்கவில்லை என்று நிறுவனம் கூறிற்று. அதில் உண்மையும் இருக்கலாம். குற்றம் எவருடையது என்ற தீர்ப்பு நமக்கு வேண்டாம். ஆறு நிலையங்களும் ஆறு பேரிடம் இருந்திருந்தால், காவலர்கள் ஆறு கதவுகளைத் தட்டியிருக்கலாம் என்பதை மட்டும் யாராலும் மறுக்க முடியாது. அம்மாநிலத்துச் செனட்டர் பைரன் டோர்கன் இந்நிகழ்ச்சியை நாடாளுமன்றத்தில் எடுத்துரைத்தார். ஊடகங்கள் ஒரே கையில் குவிவதை எதிர்ப்போருக்கெல்லாம் மைனாட் என்னும் சிற்றூரின் பெயர் அன்றிலிருந்து ஒரு சான்றாயிற்று.

மீண்டும் பாஸ்டனுக்கு வருவோம். வாங்குபவர் இவரா அவரா என்று நகரத்தார் வாதிட்டுக் கொண்டிருந்த அதே வாரங்களில், தலைநகர் வாஷிங்டனில் வேறொரு காரியம் அரவமின்றி முடிந்தது. உரிமம் பெற்ற நிலையம் தன் ஊரிலோ ஊரை ஒட்டியோ ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றை வைத்து, அங்கே ஆளையும் அமர்த்தியிருக்க வேண்டும் என்ற விதி பல்லாண்டுகளாக இருந்து வந்தது. 2017 அக்டோபர் 24-ஆம் நாள், மூன்றுக்கு இரண்டு என்ற வாக்குக் கணக்கில், தகவல் தொடர்பு ஆணையம் அவ்விதியை நீக்கிவிட்டது. இந்நாளில் நேயர்கள் யாரும் நிலையத்துக்கு நேரில் வருவதில்லை, தொலைபேசியும் மின்னஞ்சலும் போதும் என்பது ஆணையத்துப் பெரும்பான்மையினரின் வாதம். நேயர் வருவதில்லை என்பது மெய்யே. ஆனால் நள்ளிரவில் காவலர் வந்து கதவைத் தட்டக்கூடும் என்பதற்காகவும் அந்த ஆள் அங்கே இருந்தார் அல்லவா? எந்த உரிமையாளருக்கு எந்த நிலையம் என்பதைவிட, இந்த ஒரு விதி போனதுதான் பாஸ்டன் மக்களை வெகுநாள் தொடரப் போவது. அதைப்பற்றி ஊகித்தவர்களும் குறைவு. உரக்கப் பேசியவர்களும் குறைவு.

நிறுவனங்களின் பக்கத்தையும் சொல்லிவிடுவது நியாயம். விளம்பரப் பணம் இணையத்தின் பக்கம் ஒழுகிப் போய்விட்டது. பாட்டுக் கேட்க வானொலி வேண்டியதில்லை என்னும் தலைமுறை வந்துவிட்டது. ஆளைக் குறைக்காவிட்டால் நிலையத்தையே மூட நேரிடும் என்கின்றார்கள். டபிள்யூ.பி.இசட். நிலையமும், பலர் அஞ்சியதைப் போல் பாட்டுப்பெட்டியாக மாற்றப்படாமல், பாஸ்டனை ஒட்டிய மெட்ஃபோர்டிலிருந்து செய்தி நிலையமாகவே தொடர்ந்திருக்கின்றது. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

என்டர்காமின் கதையோ வேறு. வாங்கிய கடனைச் சுமந்து நடந்த அந்நிறுவனம் 2021-இல் ஒடாசி என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2024 ஜனவரியில் ஏறத்தாழ 190 கோடி டாலர் கடனோடு அதுவும் திவால் மனுத் தாக்கல் செய்தது. அவ்வாண்டின் பிற்பகுதியில் மீண்டு வந்தபோது கடன் கொடுத்தவர்களே அதன் உரிமையாளர்களாய் இருந்தார்கள். அதற்கு முன்னரே, 2020 பிப்ரவரியில், பாஸ்டன் வட்டாரத்தில் ஐம்பதாண்டுகளாக ராக் இசை ஒலித்துவந்த டபிள்யூ.ஏ.ஏ.எஃப். நிலையத்தை 1 கோடியே 7½ லட்சம் டாலருக்கு அது விற்றிருந்தது. வாங்கியது, நாடெங்கும் நூற்றுக்கணக்கான நிலையங்களில் ஒரே கிறிஸ்தவ இசை நிகழ்ச்சியை ஒலிபரப்பும் ஓர் அமைப்பு. அந்த அலைவரிசையில் இப்போது பாஸ்டன்வாசி கேட்பது, வேறொரு மாநிலத்திலிருந்து எல்லா ஊர்களுக்கும் ஒருசேர வரும் பாட்டுத்தான்.