பழைய பாஸ்வேர்டு, புதிய மிரட்டல்

மல்காஜ்கிரியில் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியருக்கு வந்தாலும் சரி, மதுரையில் கல்லூரி மாணவருக்கு வந்தாலும் சரி, அந்த இ-மெயிலின் சாரம் ஒன்றுதான். கம்ப்யூட்டருக்குள் புகுந்தாகிவிட்டது, ஆபாசப் படம் பார்த்தது கேமராவில் பதிவாகிவிட்டது, பிட்காயினில் பணம் வராவிட்டால் உற்றார் உறவினர் அனைவருக்கும் அந்தப் படம் போகும். சாட்சியாக, பெறுபவரின் பாஸ்வேர்டே முதல் வரியில் இருக்கும்.

பாஸ்வேர்டு நிஜம். மற்றதெல்லாம் புளுகு. 2012இல் லிங்க்ட்இன் நிறுவனத்திடமிருந்து திருடுபோன 11 கோடிக்கும் மேற்பட்ட பாஸ்வேர்டுகள் 2016இல் கள்ளச் சந்தையில் விலைக்கு வந்தன. இப்படிக் கசிந்த பட்டியல்களை வைத்துக்கொண்டுதான் 2018 ஜூலையில் இந்த மிரட்டல் அலை உலகெங்கும் கிளம்பியது. கடிதம் எழுதுவது ஆள்கூட அல்ல. ஃபோர்பிக்ஸ் என்ற வைரஸ் தொற்றிய கம்ப்யூட்டர்கள் மணிக்கு 30,000 மிரட்டல்கள் வரை அனுப்பியதை 2019இல் செக் பாயின்ட் நிறுவனம் கண்டறிந்தது. லட்சத்தில் ஒருவர் பயந்தாலே போதும், மோசடிக்காரருக்கு லாபம்தான்.

இந்தியாவின் கம்ப்யூட்டர் அவசர உதவி அமைப்பான செர்ட்-இன், 2020 ஏப்ரலில் இதைப் பற்றி எச்சரித்தது. அதன் அறிவுரை எளிது: கலங்க வேண்டாம், பணம் அனுப்ப வேண்டாம், பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

பிட்காயின் ஏன்? கணக்கில் பெயர் இருக்காது. அனுப்பிய பணத்தைத் திரும்பக் கேட்க வங்கி மேலாளரும் கிடையாது. ஆனாலும் மிரட்டுபவர் மாயாவி அல்ல. மும்பை விமான நிலையத்தைத் தகர்க்காமலிருக்க 10 லட்சம் டாலரை பிட்காயினில் கேட்டு 2023 நவம்பரில் இ-மெயில் அனுப்பிய இளைஞரை, மகாராஷ்டிர போலீஸ் விரைவிலேயே கேரளத்தில் பிடித்தது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 308ஆவது பிரிவுப்படி மிரட்டிப் பணம் பறித்தால் 7 ஆண்டு வரை சிறை.

மோசடிக்காரரின் உண்மையான முதலீடு கம்ப்யூட்டர் அல்ல, நம் வெட்கம். வீட்டில் சொல்லவும் கூச்சம், காவல் நிலையம் போகவும் தயக்கம். வாயை மூடிக்கொண்டு பணம் கட்டியவர், பயப்படுகிற ஆசாமி என்று அடையாளம் காட்டிவிட்டார். அடுத்த கடிதமும் அவருக்கே வரலாம். வீடியோ அழைப்பில் உண்மையிலேயே படம்பிடித்து மிரட்டும் கும்பல்களும் உண்டு. அங்கும் மருந்து இதுவே: ஆதாரத்தை அழிக்காமல் 1930 என்ற எண்ணை அழைப்பது.

வெட்கப்பட வேண்டியவர் கடிதம் எழுதியவர். பெற்றவர் அல்ல.