மீனுக்கு வியர்க்குமா, ஸார்?

கப்பலூரில் பெயரில் மட்டும்தான் கப்பல். மே மாச மத்தியானம் சிட்கோ பக்கம் போய்ப் பாருங்கள், வெயில் நாற்பது டிகிரியைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அங்கேயும் ஒரு வாடகை போர்ஷனில் டி.வி. பக்கத்தில் இரண்டடி கண்ணாடித் தொட்டி, உள்ளே நாலு தங்கமீன். ஓனர் காலை எட்டு மணிக்குப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனால் திரும்ப ஆறு மணி. நடுவில் பத்து மணி நேரம் புழுங்குவது மீன்.

'மேலே வந்து வாயை வாயைத் திறக்குது, பசி போல' என்று ஒரு பிடி தீனியைக் கொட்டுவார்கள். பாவம், அது கேட்பது சாப்பாடு இல்லை, மூச்சு! 25 டிகிரி தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும். 35 டிகிரியில் 7-தான். சூடு ஏற ஏற மீனின் தேவையோ கூடும். சம்பளம் குறைந்து வாடகை ஏறின கதை. மிச்சத் தீனி வேறு அழுகி, இருக்கிற ஆக்ஸிஜனையும் தின்றுவிடும்.

அடுத்தது ஐஸ் கட்டி வைத்தியம். திடுதிப்பென்று நாலைந்து டிகிரி இறங்கினால், வெயிலைத் தாங்கின மீன் வைத்தியத்தில் போய்விடும்.

சரியான வழி பாட்டி வீட்டு மண்பானையில் இருக்கிறது. ஆவியாகிற தண்ணீர் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். 50 லிட்டர் தொட்டியில் அரை லிட்டர் ஆவியானால் கணக்குப்படி கிட்டத்தட்ட 6 டிகிரி குறைய வேண்டும். அறைச் சூடு திரும்ப உள்ளே ஏறுவதால் கைக்கு வருவது இரண்டு, மூன்று. அதுவே பெரிசு! மூடியை எடுத்துவிட்டு வலை கட்டுங்கள், இல்லாவிட்டால் மீன் எகிறிவிடும். சின்ன டேபிள் ஃபேனைக் கொஞ்சம் தள்ளி வைத்து, நீர்ப்பரப்பின் மேல் வீச விடுங்கள். பத்து மணி நேரத்துக்கு அரை யூனிட் கரண்ட். சென்னைப் புழுக்கத்தைவிட மதுரையின் வறண்ட காற்றில் இது ஜோராக வேலை செய்யும். தொட்டி விளக்கை அணையுங்கள். குறைகிற தண்ணீருக்கு, முந்தின நாளே பிடித்து வைத்த தண்ணீரை ஊற்றுங்கள். கரண்ட் கட் ஆகும் ஊர் என்றால் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

மதுரைக்காரர்கள் குழம்பில் மட்டுமே சந்திக்கிற அயிரைக்கு லெபிடோசெஃபாலிக்திஸ் தெர்மாலிஸ் என்று பெயர். ஒரே மூச்சில் சொல்ல முடியாது. 'தெர்மாலிஸ்' வந்தது, திருகோணமலைப் பக்கம் கன்னியா வெந்நீர் ஊற்றில் கிடைத்த மீனுக்கு 1846-ல் அப்படிப் பெயர் வைத்ததால்! ஆற்றில் அயிரை மணலுக்குள் புதைந்துகொள்ளும். தங்கமீனோ குளிர்ந்த தண்ணீர் ஆசாமி, நம் கண்ணாடிக்குள் மாட்டிக்கொண்டது. அதற்கு ஓடி ஒளிய மணலும் இல்லை, ஆழமும் இல்லை. இருப்பது நீங்கள் ஒருத்தர்தான்.

ஆகவே காலையில் கிளம்பும்போது சாவி, பர்ஸ், டிபன் பாக்ஸ் வரிசையில் ஃபேன் சுவிட்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மீன் தேங்க்ஸ் சொல்லாது. சாயங்காலம் நீந்திக்கொண்டிருக்கும்.