முகூர்த்தத்துக்காக முட்டைப் பிரிக்க மாட்டோம்

அச்சரப்பாக்கம் வட்டாரக் கட்டடத் தொழிலாளர்களின் நிலைப்பாடு

ஐப்பசி, கார்த்திகை மழையில் நின்றுபோன வேலையைத் தை முகூர்த்தத்துக்குள் எப்படியாவது முடித்துக் கொடு என்கிறார்கள். வீட்டுக்காரர் கிரகப்பிரவேசப் பத்திரிகை அடித்துவிட்டார். இன்ஜினியர் மேஸ்திரியை நெருக்குகிறார். மேஸ்திரி கொத்தனாரையும் சித்தாளையும் நெருக்குகிறார். அச்சரப்பாக்கம், மதுராந்தகம் பக்கம் இந்த நெருக்கடி ஆண்டுக்காண்டு கூடுகிறது. கெடு வைப்பது தவறில்லை. மழையில் போன நாட்களைத் தொழிலாளியின் உடம்பில் பிடித்தம் செய்வதை ஏற்க மாட்டோம்.

சென்ட்ரிங் வேலையைப் பாருங்கள். தளம் போட்டால் நாலரை மீட்டர் வரையான அகலத்துக்கு 7 நாளாவது முட்டு நிற்க வேண்டும். அதற்கு மேல் 14 நாள். ஆறு மீட்டரைத் தாண்டும் பீமுக்கு 21 நாள். ஐ.எஸ். 456 தர விதி சாதாரண சிமென்டுக்குச் சொல்லும் கணக்கு இது. பி.பி.சி. சிமென்ட் என்றால் இன்னும் பொறுக்க வேண்டும். ஆனால் பலகைக்கும் முட்டுக்கும் வாடகை ஏறுகிறது, அடுத்த சைட்டுக்கும் அதே முட்டுதான் போக வேண்டும் என்று ஐந்தாம் நாளே கழற்றச் சொல்கிறார்கள். கழற்றுகிறவர் தளத்துக்கு அடியில் நிற்கிறார். சவுக்கு முட்டின் ஆப்பைத் தட்டும்போது அவர் கண் மேலேயேதான் இருக்கும். சென்னை அருகே மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அங்கே காரணங்கள் வேறு. ஆனால் செத்தவர்களில் பெரும்பாலோர் எங்களைப் போன்ற கூலிக்காரர்கள்.

வெயிலும் இப்படித்தான். வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024இல் தமிழக அரசு அறிவித்தது. அந்த நாட்களிலும் உச்சிப்பொழுதில், கையால் தொட முடியாத கம்பியைக் கட்டச் சொல்கிறார்கள். இரவு கான்கிரீட் முடித்து வீடு திரும்பும் சித்தாள் பெண், விடிவதற்குள் உலை வைத்துவிட்டு மறுபடி சைட்டில் நிற்க வேண்டும். கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி என்று 1996ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டமே சொன்னது. எங்கள் கைக்கு வருவது டீயும் பன்னும்.

மழை நாளையும் கடும் வெயில் நாளையும் கெடுவோடு கூட்டித் தர வேண்டும். இதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். தளம் போட்ட தேதியையும் முட்டு பிரிக்கும் தேதியையும் தூணில் பெயின்ட்டால் எழுத வேண்டும். அதற்கு முன் பிரிக்க மறுப்பவரை வேலையை விட்டு நிறுத்தக் கூடாது. கூடுதல் நேரக் கூலியை அன்றைக்கே தர வேண்டும்.

வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பத்திரிகை அடிக்கும் முன் உங்கள் கொத்தனாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.