கருகல் வாடை வந்தால்...



பாலிக் பூலாவில் உறவினர் வீட்டு விருந்தை முடித்துக்கொண்டு, தெலுக் கும்பார் மலைப்பாதை வழியாகப் பாயான் லெப்பாசுக்கு இறங்கி வருகிறீர்கள். காருக்குள் கருகல் வாடை. 'யாரோ குப்பை எரிக்கிறார்கள்' என்று கண்ணாடியை ஏற்றிவிடாதீர்கள். ஓரமாக நிறுத்திப் பிள்ளைகளை முதலில் இறக்குங்கள். பிறகு வாடை எங்கிருந்து வருகிறதென்று பாருங்கள்.

சக்கரத்தருகே காரமான நெடி அடித்தால், பிரேக் சூடேறியிருக்கிறது. கைப்பிரேக்கை முழுவதும் விடாமல் ஓட்டினாலும், இறக்கம் நெடுகப் பிரேக்கையே மிதித்து வந்தாலும் இப்படி ஆகும். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான இரும்பு விரிசல் விடலாம். நன்றாக ஆறவிட்டு, தாழ்ந்த கியரில் மெதுவாக இறங்குங்கள். பிரேக் மெத்தென்று உள்ளே போனால் ஓட்டவே வேண்டாம்.

முன்பக்கம் எண்ணெய் கருகும் வாடையா? கசிந்த எண்ணெய் சூடான புகைக்குழாயில் படுகிறது. எண்ணெய் அளவைப் பாருங்கள். பட்டறையில் கசிவை அடைக்கச் சொல்லுங்கள்.

பிளாஸ்டிக் கருகும் நாற்றமே பொல்லாதது. பெரும்பாலும் அது மின்கம்பி. எஞ்சினை உடனே அணையுங்கள். பியூஸ் போனால் அதே அளவுள்ள பியூஸையே போட வேண்டும். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிச் சமாளிப்பவர்கள் உண்டு. பியூஸ் தான் உருகிக் கம்பியைக் காப்பாற்றுகிறது. அந்த இடத்தில் தாளைச் செருகினால் கம்பிதான் எரியும்.

எஞ்சின் மூடிக்குக் கீழே தீ தெரிந்தால் மூடியைத் திறக்காதீர்கள். காற்றுப் பட்டால் தீ எழும்பும். எல்லோரும் தூர விலகி நின்று 999-ஐ அழையுங்கள். காரை மறுபடியும் தவணையில் வாங்கிக்கொள்ளலாம்.